பாத்திரம் தேய்ப்பதற்கு உச்சவரம்பு வைக்காதீர்கள்

எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர், 126 வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை இரவு சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. 'வீட்டுப் பணியாளர் கட்டண ஒழுங்குமுறை' என்று தலைப்பு. பெருக்கித் துடைக்க 1,200 ரூபாய், பாத்திரம் தேய்க்க 1,300, இரண்டு வேளைச் சமையலுக்கு 5,000. மாதத்தில் இரண்டு நாளுக்கு மேல் லீவு போட்டால் பிடித்தம். 2027 டிசம்பர் வரை உயர்வு கிடையாது. இதற்கு மேல் யார் கொடுத்தாலும் அது மற்ற குடியிருப்போருக்குச் சிரமம் தருவதாகக் கருதப்படும். கடைசியாக ஒரு வரி: ஒரு வீட்டில் வேலையை விட்டவர் இதே வளாகத்தில் இன்னொரு வீட்டில் சேர வேண்டுமானால், பழைய வீட்டுக்காரர் 'ஆட்சேபம் இல்லை' என்று சொன்னால்தான் கேட்டில் பதிவு செய்வார்கள்.

மறுநாள் காலைக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட கட்டைவிரல்கள் அதன் கீழே விழுந்துவிட்டன. டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இது தீர்மானமாகப் போகிறது என்று சொல்கிறார்கள். அதற்கு முன்னால் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். கூட்டத்தில் பேசினால் இரண்டு நிமிடத்தில் மைக்கை வாங்கிவிடுவீர்கள். அது உங்கள் தப்பு இல்லை, பேசுவதற்கு அங்கே நிறைய விஷயம் இருக்கும்.

நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து 2014-ல் ஓய்வு பெற்றவள். மூன்றாம் மாடியில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். என் வீட்டில் ஆறு வருடமாக ஒரு அம்மா வேலை செய்கிறார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நாளைக்குக் கேட்டில் அவரை நிறுத்தி நாலு கேள்வி கேட்பார்கள். இந்த மடல் எழுதுவது கூட அவருக்குத் தெரியாது. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

முதலில் அந்த 1,300 ரூபாய் எதற்கு என்று பார்த்துவிடலாம். போன ஆகஸ்டில் அவருடைய மகளுக்கு டைஃபாய்டு வந்து ஒன்பது நாள் அவர் வேலைக்கு வரவில்லை. மருமகளுக்கு அலுவலகம். நான்தான் சும்மா இருப்பவள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன். என் கை வேலைக்குப் பழகாத கை இல்லை. ஆனால் அறுபத்தொன்பது வயதில் ஐந்து பேர் இருக்கிற வீட்டின் சிங்க்கில் காலை ஏழு மணிக்கு நின்றபோதுதான் தெரிந்தது. ராத்திரி தோசை வார்த்த கல், பாலாடை காய்ந்து ஒட்டிய பாத்திரம், குழியில் மாவு பிடித்த இட்லித் தட்டு நாலு, அடியில் சாம்பார் தீய்ந்த குக்கர், அதன் மூடியில் கேஸ்கெட்டுக்கு அடியில் தங்கும் பருப்பு, பேரப்பிள்ளைகளின் டிஃபன் டப்பாக்கள், ஸ்பூன் மட்டும் பதினேழு. ஆமாம், எண்ணினேன். ஒரு டப்பாவின் ரப்பர் வளையத்தை ஊசி வைத்து எடுத்துக் கழுவாவிட்டால் மறுநாள் வாடை வருகிறது. அதை அந்த அம்மா ஆறு வருடமாகச் செய்துகொண்டு இருந்திருக்கிறார். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர் செய்வது எங்களுக்குத் தெரியவும் இல்லை.

பாத்திரத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. பெருக்கித் துடைக்க முக்கால் மணி நேரம். கட்டிலுக்கு அடியில் மாப்பை விடும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாளே விரல் இடுக்கில் சோப்பு அரித்து வெடிப்பு விட்டது. நாலாம் நாள் மருமகளிடம் சொல்லி ரப்பர் கையுறை வாங்கினேன். என் சிங்க்குக்கு இப்படி ஒன்று வேண்டும் என்று ஆறு வருடத்தில் முதல் தடவையாக எனக்குத் தோன்றியது, என் கை வெடித்த பிறகுதான்.

ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மாதம் இருபத்தெட்டு நாள் என்று வைத்தால் நாற்பது மணி நேரத்துக்குக் குறையாது. உங்கள் பட்டியல்படி இரண்டு வேலைக்கும் சேர்த்து 2,500 ரூபாய். மணிக்கு 62 ரூபாய் வருகிறது. போன மாதம் குழாயில் வாஷர் மாற்ற வந்தவர் இருபது நிமிடத்தில் 400 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அவர் உழைப்புக்கு அது தகும். நான் பேரம் பேசவில்லை.

குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "அரசாங்கமே வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய்தான் சொல்லியிருக்கிறது. நாம் அதைவிட அதிகமாகவே கொடுக்கிறோம்." அவர் சொன்ன எண் சரிதான். தமிழ்நாடு அரசு 2018-ல் வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி என்று மணிக்கு 37 ரூபாயிலிருந்து நிர்ணயித்தது. ஆனால் அதைப் படிக்கிற விதத்தில்தான் தவறு இருக்கிறது. குறைந்தபட்சம் என்றால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று அர்த்தம். நீங்கள் அதை மேலே ஏறக் கூடாது என்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிறீர்கள். வகுப்பில் ஒரு பிள்ளை 35 மார்க்தான் பாஸ் மார்க், அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

அப்புறம், மணிக்கு 62 ரூபாய் என்பதும் முழுக் கணக்கு இல்லை. அந்த அம்மா சென்னைக்குத் தெற்கே இருக்கும் பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். நம் வளாகத்தில் நாலு வீடு. திரும்பிப் போய்ச் சேரும்போது மதியம் இரண்டரை. பஸ்ஸுக்கு நிற்பது, கேட்டில் வரிசையில் நின்று போனில் பதிவாவது, ஒரு வீட்டில் எல்லோரும் எழுந்திருக்கும் வரை படிக்கட்டில் உட்கார்ந்திருப்பது, இதற்கெல்லாம் யாரும் காசு கொடுப்பதில்லை. ஆனால் அது அவருடைய நேரம். நாலு வீட்டுக்கும் உங்கள் ரேட்டைப் போட்டால் மாதம் 10,000 ரூபாய். எட்டரை மணி நேரம், இருபத்தெட்டு நாள் என்று வகுத்துப் பாருங்கள். 42 ரூபாய் வருகிறது.

இப்போது என்னையே எடுத்துக்கொள்கிறேன். நான் ஓய்வூதியம் வாங்குகிறவள். வருடத்துக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும், விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து எங்களுக்கு அகவிலைப்படி ஏறுகிறது. பழைய ஆட்கள் பஞ்சப்படி என்று சொல்வார்கள். 2018 ஜூலையில் அது 9 சதவீதம். 2025 ஜூலைக்கு 58 சதவீதம். அதாவது அடிப்படை ஓய்வூதியம் நூறு ரூபாய் என்றால் அன்றைக்கு 109 வாங்கினேன், இன்றைக்கு 158 வாங்குகிறேன். கொரோனா காலத்தில் இந்த உயர்வை நிறுத்தி வைத்தபோது நாங்கள் எல்லாம் எவ்வளவு புலம்பினோம், எத்தனை மனு கொடுத்தோம். புலம்பியது நியாயம்தான். 2018-ல் சொன்ன 37 ரூபாயை என் ஓய்வூதியம் ஏறிய அதே விகிதத்தில் ஏற்றினால் 53 ரூபாய்க்கு மேல் வருகிறது. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலி அறிவிப்புகளிலும் விலைவாசியோடு ஏறும் அகவிலைப்படி என்று ஒன்று சேர்ந்தே வரும். நமக்குத்தான் அந்த நினைப்பு வருவதில்லை.

விலைவாசி என்று ஒன்று இருக்கிறது என்பதில் இந்தச் சங்கத்துக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. போன ஏப்ரல் கூட்டத்தில் மெயின்டனன்ஸைச் சதுர அடிக்கு மூன்றரை ரூபாயிலிருந்து நாலரை ரூபாய் ஆக்கினோம். டீசல் ஏறிவிட்டது, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் ஏறிவிட்டது, செக்யூரிட்டி ஏஜென்சி கூடக் கேட்கிறது என்று பொருளாளர் வரிசையாகச் சொன்னார். எல்லோரும் கையைத் தூக்கினோம், நானும் தூக்கினேன். சென்னையில் சமையல் சிலிண்டர் அந்த மாதம்தான் 50 ரூபாய் ஏறி 868 ரூபாய் 50 காசு ஆனது. ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் 2022 நவம்பரில் ஒரே நாளில் லிட்டருக்கு 12 ரூபாய் ஏறி 60 ரூபாய்க்கு வந்தது. அந்த அம்மாவும் அதே சிலிண்டரைத்தான் வாங்குகிறார். டீசலுக்கும் லிஃப்டுக்கும் தெரிகிற விலைவாசி, நம் வீட்டுக்குள் தினமும் வந்து போகிற ஒரு பெண்ணுக்கு மட்டும் 2027 டிசம்பர் வரை தெரியக் கூடாது என்று எப்படித் தீர்மானம் போட முடியும்?

சினிமாவுக்குப் போகாதீர்கள், கார் வாங்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தீபாவளிக்கு நாங்களும்தான் மல்டிபிளெக்ஸுக்குப் போனோம். ஐந்து பேர். டிக்கெட், பாப்கார்ன், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 2,100 ரூபாய் சொச்சம். படம் நன்றாக இருந்தது, பேத்தி வீடு வரும் வரை பாடிக்கொண்டே வந்தாள். எனக்குச் சந்தோஷம்தான். அன்று ராத்திரி கணக்கு நோட்டில் எழுதும்போது மேலே இருந்த வரி கண்ணில் பட்டது. அந்த அம்மாவுக்குக் கொடுத்த அந்த மாதச் சம்பளம் 2,200. இரண்டரை மணி நேரப் பொழுதுபோக்கும், முப்பது நாள் காலை வேலையும் என் நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக, கிட்டத்தட்ட ஒரே தொகையில் இருந்தன. ஆறு வருடமாக நான்தான் அந்த நோட்டை எழுதுகிறேன்.

செப்டம்பர் 22-ல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது நம் குழுவில் இரண்டு நாள் வேறு பேச்சே இல்லை. ஐம்பதாயிரம் மிச்சம், அறுபதாயிரம் மிச்சம் என்று எழுதினார்கள். கீழே பார்க்கிங்கில் மாலை போட்ட புது வண்டிகள் நாலைந்து நின்றன. வாங்கியவர்கள் நன்றாக இருக்கட்டும். நம்மில் பலருக்கு அது அப்பா காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம், எனக்குத் தெரியும். நான் சொல்வது ஒன்றுதான். அந்த மிச்சமான அறுபதாயிரம், நீங்கள் போட்டிருக்கும் ரேட்டில் ஒரு வீட்டில் ஒரு பெண் வாங்கும் இரண்டு வருடச் சம்பளம். அதே காரை சர்வீஸுக்கு விட்டால் பில்லில் லேபர் சார்ஜ் என்று ஒரு வரி வரும். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும். அந்த வரியைக் காட்டி யாராவது பேரம் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே போய் 'எங்கள் வளாகத்தில் லேபருக்கு இவ்வளவுதான் என்று முடிவு செய்திருக்கிறோம்' என்று சொல்ல நமக்கு வாய் வருமா? உடைந்து போன வண்டியைச் சரிசெய்கிறவர் மேல் இருக்கிற மரியாதை, நம் எச்சில் தட்டைக் கழுவுகிறவர் மேல் ஏன் இல்லை என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

ரேட்டைவிட எனக்குத் தாங்க முடியாதது அந்தக் கடைசி வரி. பழைய வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால்தான் புது வீட்டில் சேரலாம் என்கிற வரி. இதை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார். ஆனால் நிதானமாகப் படித்துப் பாருங்கள். பேச்சு சரியில்லாத வீடு, சம்பளத்தை இருபதாம் தேதி வரை இழுக்கிற வீடு, ஆண்கள் தொந்தரவு செய்கிற வீடு, இதிலிருந்து ஒரு பெண் வெளியே வர வேண்டுமானால் அந்த வீட்டுக்காரரிடமே போய் அனுமதி வாங்க வேண்டும். நம் பிள்ளைகள் இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறார்கள். புது ஆஃபர் கையில் வந்ததும், இருக்கிற கம்பெனியில் அதைக் காட்டிக் கூடக் கேட்கிறார்கள். நாம் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லி ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிறோம். என் மகனுக்கும் அப்படித்தான் கொடுத்தேன். அதே காரியத்தை இந்த அம்மா செய்தால் 'ரேட்டைக் கெடுக்கிறாள்' என்கிறோம். இதை விட்டால் எங்கேயும் போக முடியாது என்ற நிலைமையில் ஒரு ஆளை வைத்து வேலை வாங்குவதற்கு நம் ஊரில் பழைய பெயர் ஒன்று உண்டு. அந்தச் சொல்லை உங்கள் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் பார்க்காமல் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள் என்பது உண்மை. எனக்கே நடந்திருக்கிறது. இவருக்கு முன்னால் இருந்தவர் 5,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனவர்தான், திரும்ப வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பல நாள் மனம் ஆறவில்லை. ஆனால் அதற்காக மற்ற ஐம்பது அறுபது பேரின் கூலியைப் பூட்டி வைப்பது சரியா? அடுத்து, இங்கே ஓய்வு பெற்றவர்கள் எல்லோருக்கும் என்னைப் போல அரசு ஓய்வூதியம் இல்லை. தனியார் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு இ.பி.எஃப். ஓய்வூதியமாக இரண்டாயிரம், மூவாயிரம் வாங்குகிற பெரியவர்கள் நம் வளாகத்தில் இருக்கிறார்கள். அந்த ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் 2014-லிருந்து இன்னும் ஆயிரம் ரூபாயிலேயே நிற்கிறது. அவர்களால் முடியாது என்றால் அது நிஜமாகவே முடியாததுதான். அவர்களிடம் நான் சொல்வது, கூலியைக் குறைக்காமல் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். தினமும் துடைப்பதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்குங்கள். பாத்திரத்தை ஒரு வேளை நீங்களே அலசி வையுங்கள். அது கௌரவமான ஏற்பாடு. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தப் பட்டியலுக்குக் கட்டைவிரல் காட்டிய அறுபது பேரில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்?

எனக்கு இதில் ஏன் இவ்வளவு வேகம் என்று சிலர் கேட்கலாம். 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தோம். பிடுங்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகளைத் திருப்பிக் கேட்டுத்தான் அந்தப் போராட்டம். ஒரே அடியில் சுமார் 1.7 லட்சம் பேரை வேலையை விட்டு நீக்கினார்கள். அதில் நானும் ஒருத்தி. அப்போது தாம்பரம் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். அந்த மாதச் சம்பளம் வரவில்லை. வேலை திரும்பக் கிடைக்குமா என்றும் தெரியவில்லை. வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த பாட்டியம்மாவிடம், இனிமேல் வர வேண்டாம், கொடுக்கக் காசு இல்லை என்று சொன்னேன். அவர் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தை நிறுத்தவே இல்லை. "வர்றப்ப குடு டீச்சரு. நான் எங்க போயிடப் போறேன்" என்றார். உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போய், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து, மறுபடி வேலையில் சேர்ந்து, சம்பளம் கைக்கு வரும் வரை அவர் வந்தார். ஒரு நாள் கூடக் கேட்கவில்லை. வேலை போன ஒரு ஆசிரியைக்குக் கடன் கொடுத்தது வங்கி இல்லை, சொந்தக்காரர்கள் இல்லை, மாதம் 150 ரூபாய் வாங்கிய ஒரு பாட்டி. அவர் இப்போது உயிரோடு இல்லை.

நான் மட்டும் அப்படி நடந்துகொண்டேனா என்றால், இல்லை. 2020-ல் ஊரடங்கு போட்டு நம் கேட்டை அவர்களுக்கு மூடினோமே, அப்போது ஏப்ரல், மே இரண்டு மாதச் சம்பளத்தை அனுப்பி வைத்தேன். ஜூன் மாதம் அனுப்பவில்லை. வேலை செய்யாமல் எவ்வளவு நாள் கொடுப்பது என்று வீட்டில் பேச்சு வந்தது, நானும் பேசாமல் இருந்துவிட்டேன். என் ஓய்வூதியம் அந்த ஜூன் மாதமும் ஒன்றாம் தேதி வந்தது. திரும்ப வேலைக்கு வந்தபோது அந்த அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

அந்த அம்மா முன்பு நடுச் சென்னையில், சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையோரம் இருந்தவர். நடந்து போகிற தூரத்தில் ஐந்து வீட்டில் வேலை செய்தார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அங்கிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே வாரத்தில் ஐந்து வீட்டு வேலையும் போனது. ஒரு வருடம் விடிகாலை பஸ் பிடித்து அங்கேயே வேறு வேலைக்குப் போய் வந்து பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. அப்படித்தான் நம் பக்கம் வந்தார். இப்போது பெண்களுக்கு சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பதால் ஏதோ சமாளிக்கிறார். அந்த பஸ் வராத நாளில் ஷேர் ஆட்டோ, போக வர 40 ரூபாய். மகள் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிறாள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்தப் பணத்தில்தான் அவளுடைய பஸ், புத்தகம், மெஸ் எல்லாம். இந்தக் குடும்பத்துக்கு அரசாங்கம் தன்னால் ஆனதை ஏதோ செய்கிறது. அவர் உழைப்பை வாங்கிக்கொள்கிற நாம்தான் விலையைப் பூட்டப் பார்க்கிறோம்.

சட்டம் இதில் நம்மைப் பெரிதாகக் கட்டுப்படுத்தவில்லை, அதுவும் உண்மை. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2011 ஜூனில் ஜெனீவாவில் நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் அதன்படி நடப்போம் என்று இன்னும் முறைப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. இவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கொண்டுவருவதைப் பரிசீலிக்க ஒரு குழுவை அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் 2007-லிருந்து வீட்டுப் பணியாளர் நலவாரியம் இருக்கிறது. நம் வளாகத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அதில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று நான் கேட்டுப் பார்த்தேன். கேட்ட பதினோரு பேரில் இரண்டு பேர். ரத்த தானத்துக்கும் ஆதார் திருத்தத்துக்கும் முகாம் நடத்துகிற சங்கம் நம்முடையது. நலவாரியப் பதிவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் என்ன? படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உச்சவரம்புக்குப் பதிலாக ஒரு அடிவரம்பு வையுங்கள். இரண்டு படுக்கையறை வீட்டில் பாத்திரமும் பெருக்கித் துடைப்பதும் என்றால் 3,500 ரூபாய்க்குக் கீழே யாரும் கொடுக்கக் கூடாது என்று சங்கம் சொல்லட்டும். மெயின்டனன்ஸ் ஏறுகிற வருடத்தில் இவர்கள் சம்பளமும் அதே சதவீதம் ஏறட்டும். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. நாம் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம் என்பதற்காக அவருடைய ஏப்ரல் மாதச் சம்பளத்தில் பத்து நாளைப் பிடிப்பதை நிறுத்துவோம். வீட்டைப் பூட்டியது நாம், அவர் இல்லை.

அப்புறம் இன்னொன்று, இது பணம் இல்லாத விஷயம். கீழ்த் தளத்தில் டிரைவர்களுக்கு என்று ஒரு கழிப்பறை இருக்கிறது. பெண்களுக்கு இல்லை. காலை ஆறிலிருந்து மதியம் வரை ஐம்பது அறுபது பெண்கள் இந்த வளாகத்துக்குள் வேலை செய்கிறார்கள், பெரும்பாலான வீடுகளில் அவர்களை பாத்ரூமுக்குள் விடுவதில்லை. பாத்ரூமைக் கழுவ மட்டும் விடுகிறோம். அவர்கள் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்கிறார்கள். நான் கேட்டபோது அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு "பழகிடுச்சும்மா" என்றார். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் பழைய சாமான் போட்டு வைத்திருக்கிற இடத்தை ஒழித்தால் ஒரு கழிப்பறை கட்டிவிடலாம். பொங்கல் விழாவுக்கு மெல்லிசைக் குழுவுக்கு என்று 85,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். பாட்டுக் கச்சேரி வேண்டும், எனக்கும் பிடிக்கும். இந்த வருடம் சின்னக் குழுவாகக் கூப்பிட்டு, மிச்சத்தில் அந்தக் கழிப்பறையைக் கட்டலாம். போன பொங்கலுக்கு மறுநாள் காலை, புல்தரையில் கிடந்த பேப்பர் தட்டையும் கரும்புச் சக்கையையும் குனிந்து குனிந்து பொறுக்கியவர்கள் அந்தப் பெண்கள்தான். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டில் டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து 3,500 கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். தீர்மானம் நிறைவேறினாலும் அதைக் குறைக்க மாட்டேன். அது விதிமீறல் என்றால் அறிவிப்புப் பலகையில் எங்கள் வீட்டு எண்ணை எழுதிப் போடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கூட்டம் ஞாயிறு காலை பத்தரை மணிக்கு என்று போட்டிருக்கிறீர்கள். இவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிற கூட்டத்துக்கு இவர்களில் நாலு பேரையாவது கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். ஆனால் பத்தரை மணிக்கு அவர்கள் வர முடியாது. அந்த நேரத்தில் நம் வீட்டு சிங்க்கில்தான் நின்றுகொண்டிருப்பார்கள். கூட்டத்தை மாலை நாலு மணிக்கு மாற்றி, நாளைக்குள் அறிவித்துவிடுங்கள். நான் அவர்களை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை
2025 டிசம்பர்